504-ஆம் வீட்டின் குளிர்காலம்

ஜூலை எட்டாம் தேதி மாலை ஏழு மணி தொடங்கி நாற்பத்தொரு நாட்கள், அஜ்மான் நுஐமியாவில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், 504-ஆம் வீட்டில் மட்டும் குளிர்காலம் நடந்தது. வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. எதிர்வீடான 503-இல் ஏசி இரவும் பகலும் ஓடியது. 504-இல் ஏசியை அணைத்த பிறகும் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நின்றது. அரைத்த மாவு மூன்று நாளாகியும் புளிக்கவில்லை. கூடத்து ஜன்னலோரம் தொட்டியில் இருந்த ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்துதான் குளிர் வந்தது. அதில் கட்டடத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இடுப்பளவு உயரம் உள்ள ஊசியிலை மரம். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காகக் கப்பலில் வந்தவற்றில் ஒன்று. தாரிணி தாவரவியல் படித்தவள். தினமும் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மட்டும் தண்ணீர் ஊற்றுவாள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புவாள். ஏசி காற்று நேரே படாமல் பார்த்துக்கொண்டாள். அப்படியும் மே மாதத்தில் கீழ்க்கிளைகள் பழுத்து ஊசிகள் கொட்டின. "இதுக்கு வருஷத்துல மூணு மாசம் குளிர் வேணுங்க. குளிர் இல்லேன்னா தூங்காது. தூங்காம எத்தனை நாள் தாங்கும்?" என்று கணவன் முரளிதரனிடம் சொன்னாள். அவன் துபாயில் கட்டடங்களுக்கு ஏசி வடிவமைக்கும் பொறியாளன். "ஊருக்கெல்லாம் குளிர் காட்டிட்டு வர்றேன், வீட்டுல மரத்துக்கு வேற காட்டணுமா?" என்று சிரித்தான்.

ஜூலை எட்டாம் தேதி வேலை முடிந்து வருகையில், ஷார்ஜா நெரிசலில் கார் நின்றிருந்தபோது, திருச்சியிலிருந்து தாரிணியின் தம்பி அக்ஷய் அழைத்தான். அப்பா பத்மநாபன் மாரடைப்பில் இறந்துவிட்டார். தாரிணிக்கு அப்போது முப்பத்து நான்கு வாரக் கர்ப்பம். ரத்த அழுத்தம் கூடியிருந்தது. விமானம் கூடாது, அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். "மாமா, அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பிள்ளை பொறக்கட்டும்," என்றான் அக்ஷய். வளைகுடாவில் இது புதிதல்ல. ஊர்ச் சாவு இங்கே உடனே வந்து சேர்வதில்லை. லீவு கிடைக்கும்வரை, பரீட்சை முடியும்வரை, பிரசவம் ஆகும்வரை காத்திருக்கும். முரளிதரன் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போய்த் தலையோடு ஊற்றிக்கொண்டான். இந்த நேரத்தில் என்ன தலைக்குக் குளியல் என்று தாரிணி கேட்டாள். "சைட்ல ஒரே தூசி," என்றான். மரம் ஊசி கொட்டுவதை அப்போது நிறுத்தியது. அறை அரை டிகிரி குளிர்ந்தது.

பத்மநாபன் மகளுக்குத் தினமும் காலையில் குரல்செய்தி அனுப்புகிறவர். செய்தி நின்றால் அவள் சந்தேகப்படுவாள். பழையதை மறுபடி அனுப்பினால் மறுபடி அனுப்பியது என்று போனே காட்டிக்கொடுக்கும். அதனால் அக்ஷய் பழைய செய்தியைத் தன் போனில் ஓடவிட்டு அப்பாவின் போனில் பதிந்து அனுப்பினான். நேரடியாகப் பேச வேண்டும் என்று அவள் கேட்டபோது, தொண்டையில் கட்டி, காலைச் செய்திக்கு மேல் பேசக்கூடாதாம் என்று முரளிதரன் சொன்னான். பத்தொன்பது டிகிரி ஆனது. பதினோராம் நாள் அக்ஷய் அவசரத்தில் தவறிவிட்டான். "இன்னைக்கு சொர்க்கவாசல் கூட்டம்மா, உள்ளயே போக முடியல," என்று ஆடி மாதத்தில் பத்மநாபன் பேசினார்.

தாரிணி அதை இரண்டுமுறை கேட்டாள். "சொர்க்கவாசல் மார்கழியிலதானே திறப்பாங்க?"

"மார்கழில அனுப்பினது இப்ப வந்திருக்கும். நெட்வொர்க்."

அவள் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்று மட்டும் இரண்டு டிகிரி இறங்கியது.

முரளிதரன் அளவுக்கருவிகளைக் கொண்டுவந்து குறித்துப் பார்த்தான். டீ நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னான், ஒன்றும் ஆகவில்லை. ஆபீசில் புகழ்ந்தார்கள் என்றான், ஆகவில்லை. மாமனாரைப் பற்றிய பொய்க்கு மட்டும் குளிர் இறங்கியது, இறங்கியது திரும்ப ஏறவில்லை. மரத்தைப் பால்கனிக்குத் தூக்கிப்போனான். ஒரு மணி நேரத்தில் நுனிகள் கருகின. தாரிணி அழுதாள்; ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்குப் போனது. திரும்ப உள்ளே வைத்தான்.

கட்டடத்துக்கு இது பழகிவிட்டது. 503-இல் இருந்த காயல்பட்டினத்து நஜீஹா, மல்லிகைப் பூவையும் மீனையும் இங்கே கொண்டுவந்து வைத்தாள். வாட்ச்மேன் தண்ணீர் கேன் போட வந்தால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார். மரம் கரும்பச்சையானது; கிளை நுனிகளில் மொக்குகள் பருத்தன. நடந்ததெல்லாம் நஜீஹாவுக்குத் தெரியும். முரளிதரனைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டாள்: "தம்பி, உள்ளே வாயிலே புகை வருது. பிள்ளையை இதுக்குள்ளேயா கொண்டு வரப்போறீங்க?"

"பொறந்ததும் சொல்லிடறேன் அக்கா."

ஆகஸ்ட் பதினான்காம் தேதி அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோ. அன்று மாலை அக்ஷய் போனில் சொன்னான்: "இப்பவும் வேண்டாம் மாமா. துக்கத்துல பால் வத்திடும்னு எல்லாரும் சொல்றாங்க. பிள்ளை சின்னது. நாப்பது நாள் போகட்டும்." மறுநாள் வார்டில் தாரிணி அப்பாவைப் பற்றிக் கேட்டாள். ஊரில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றான் முரளிதரன். பொய் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மருத்துவமனையில் சொல்லப்பட்டது; இருந்தாலும் வீட்டில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்தது. பார்த்து வந்து சொன்னவள் நஜீஹா. கருவியில் மூன்று டிகிரி என்றாள்.

பதினேழாம் தேதி மதியம் வீட்டுக்கு வந்தார்கள். நஜீஹா தாரிணியிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். முரளிதரன் கதவைத் திறந்ததும் வெள்ளையாக மூச்சுப்போல ஒன்று தாழ்வாரத்துக்கு வந்தது. தட்டில் சிவப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு கட்டியது. குழந்தை இரண்டுமுறை தும்மியது.

"பிள்ளை எங்க வீட்டிலே இருக்கட்டும் கண்ணு," என்றாள் நஜீஹா.

"எத்தனை நாளைக்கு அக்கா?" என்றாள் தாரிணி. நஜீஹா முரளிதரனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான்.

தாரிணி குழந்தையின் தலையைத் துண்டால் மூடினாள். "சரி. உள்ள போறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு வீடியோ கால் போடுங்க. பேசக்கூடாதுன்னா பேச வேண்டாம். பேத்தியப் பார்க்கலாம்ல?"

முரளிதரன் போனைக் கையில் எடுத்தான். தூங்குகிறார் என்று சொல்லலாம். கண்ணில் சொட்டுமருந்து விட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். இரண்டுமே ஆயத்தமாக இருந்தன. இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். துண்டுக்குள் குழந்தையின் உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. பால் வற்றினால் டப்பாவில் பால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"போட முடியாது தாரிணி. உங்கப்பா இறந்துட்டாரு."