வாய் தவறிய வாக்கு

ஜோதி மேரி கலக இலக்கியம் படிக்கப் போகிறாள் என்று கேட்டதும் அவள் கணவன் மரியசெல்வத்துக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"வூட்ல நீ பண்ற கலகம் பத்தலையா? அதுக்கு ஆன்லைன்ல வேற படிக்கணுமா?"

"மத்த பாடமெல்லாம் ஃபுல்லாயிடுச்சுங்க. இதுலதான் எடம் இருந்துச்சு."

அது உண்மைதான். கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன தமிழ்ப் பட்டத்தை, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றின் இணையவழி வகுப்பில் முடிக்கலாம் என்று சேர்ந்திருந்தாள். பகலில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கும் வேலை. சாயங்காலம் கைபேசியைக் குக்கர்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வகுப்பு. ஊரும் மதமும் நல்லதென்று சொன்னதையெல்லாம் திட்டி எழுதியவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், குடித்தே செத்தவர்கள் என்று பாடம் போயிற்று. அவர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய கோபமும் வரவில்லை, மரியாதையும் வரவில்லை. "இவுங்களுக்கெல்லாம் சோறு யாரு மேடம் போட்டாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பேராசிரியர் அருள்மொழி அதை நல்ல கேள்வி என்றார். பதில் சொல்லவில்லை.

ஜோதி மேரிக்கென்று இருந்தது வேறொன்று. அவர்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவள் அவள்தான். வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். கோயிலில் அத்தனை பேரும் வாய் மூடிக் கேட்டார்கள். வாசகத்தில் காது கூசுகிற சங்கதி வந்தாலும் ஒரு சொல்லையும் விடாமல் படிப்பாள். விட்டுவிட நமக்கு உரிமை இல்லை என்பது அவள் கட்சி. படித்து முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, ஒரு மூச்சு நிறுத்தி, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பாள். "இறைவா உமக்கு நன்றி" என்று கோயில் முழுக்கப் பதில் சொல்லும். வாரம் முழுவதற்கும் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வகுப்பில் ஒரு பயிற்சி வந்தது. ஆளுக்கொரு கவிதை எழுதி அனுப்ப வேண்டும். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுப் பேராசிரியர் அதை வேறொருவரிடம் கொடுப்பார். அவர் வகுப்பில் வாசிக்க வேண்டும். ஜோதி மேரிக்கு வந்த கவிதை கடவுளோடு போட்ட சண்டை. செத்துப்போன தாய்க்காக எழுதியது. நடுவில் ஒரு சொல். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள் தங்களுக்குள் சாதாரணமாகப் பேசிக்கொள்வது. பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள், ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே அது கடவுளைப் பார்த்துச் சொல்லப்பட்டிருந்தது.

"மேடம், அந்த ஒண்ண மட்டும் வுட்டுடலாமா?" என்று முதல்நாள் போன் போட்டுக் கேட்டாள்.

"உங்க இஷ்டம்மா. எழுதினவங்க எதுக்கோ எழுதியிருக்காங்க."

யோசித்துப் பார்த்தாள். இன்னொருவர் எழுதியதில் ஒரு சொல்லை விட்டுவிட நமக்கு என்ன உரிமை? மறுநாள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் வாசித்தாள். நிறுத்தி, தெளிவாக, அந்தச் சொல்லையும் விடாமல். முடித்ததும் நிமிர்ந்தாள். ஒரு மூச்சு.

"ஆண்டவரின் அருள்வாக்கு."

அடுத்த கணம் கைபேசி முழுக்கச் சிரிப்பு. அருள்மொழி மேடமும் சிரிப்பை அடக்கப் பார்த்தார். ஜோதி மேரிக்கு முகம் எரிந்தது. "பழக்கதோசம் மேடம்" என்று சொன்னாள்; மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னதால் அது யாருக்கும் கேட்கவில்லை.

வகுப்பில் யாரோ வேடிக்கைக்காக அந்தத் துண்டைப் பதிவு செய்து அனுப்ப, அது சுற்றிக்கொண்டு கோயில் இளைஞர் குழுவுக்கு வந்து சேர்ந்தது. கெட்ட வார்த்தை, உடனே அருள்வாக்கு. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பங்குப் பேரவைச் செயலாளர் அடைக்கலராஜ் அவளையும் வைத்துக்கொண்டே பங்குச் சாமியாரிடம் சொன்னார். "வாசக மேடையில நிக்கிற வாயி சாமி இது. நாளைக்கு சின்னப் புள்ளைங்க என்னான்னு கேக்கும்?"

ஃபாதர் லூர்து பிரகாஷ் கோபக்காரர் இல்லை. "வாய் தவறி வந்ததுதானம்மா?"

"ஆமா சாமி. பழக்கத்துல வந்துடுச்சு."

"அப்ப ஒண்ணும் கஷ்டமில்ல. ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்னாடி மைக்ல ஒரே வரி. வாய் தவறிச் சொல்லிட்டேன், மன்னிச்சிக்குங்கன்னு. அப்புறம் வழக்கம்போல நீயே வாசகம் படி."

"அதுக்கு மேல நானும் ஒண்ணும் பேசல" என்றார் அடைக்கலராஜ்.

உள்ளதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? சரி என்று வந்துவிட்டாள். மேடை பிழைத்தது என்ற நிம்மதியில் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை சிதம்பரத்தில் நேர்முக வகுப்பு. மதியம் எல்லோரும் கலைந்தபோது, வாசலில் ஓர் இளைஞன் அவளை நோக்கி வந்தான்.

"அக்கா, கடலூரு ஜோதி மேரி நீங்கதான? கொரல வச்சிக் கண்டுபுடிச்சேன். நான் டேவிட் ராஜ். மேல வீதில செல்போன் கடை. அந்தக் கவிதை நான் எழுதனது."

அவள் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு நிழலுக்கு ஒதுங்கினாள்.

"எங்கம்மா தவறி ரெண்டு வருசம் ஆவுது. கோயில்ல தாலி கட்டாம ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணவங்கன்னு எங்க ஊருக் கோயில்ல துக்க மணி அடிக்கல. பூசை வைக்கல. ஒரு வாசகம் படிக்கக்கூட ஆளு வரல. நாங்களே தூக்கிட்டுப் போயி வச்சிட்டு வந்துட்டோம்." செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தான். "நீங்க கெட்ட வார்த்தைய வுட்ருவீங்கன்னு நெனச்சேன். வுடல. கடைசில அதையும் சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சானுங்க. நான் மட்டும் கடைல தனியா ஒக்காந்து, இறைவா உமக்கு நன்றின்னு பதில் சொன்னேன்க்கா. எங்கம்மாவுக்கு இப்பதான் பூசை ஆச்சின்னு இருந்துச்சு."

நிமிர்ந்து கேட்டான்: "வேணும்னுதானக்கா சொன்னீங்க?"

தம்பி, அது பழக்கதோஷம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்ட்டியாப்பா?"

"இன்னும் இல்லக்கா."

டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதத்தில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தாள். மரத்தடியில் நின்றபடியே சாப்பிட்டார்கள். புளி ஜாஸ்தி என்றான். உங்கம்மா எப்படிச் செய்வாங்க என்று கேட்டாள். அதைப் பற்றி நிறையச் சொன்னான்.

கிளம்பும்போது, "உங்க கோயில் பூசை யூடியூப்ல வருதாமேக்கா? நாளைக்கு நீங்க வாசகம் படிக்கறதப் பாக்கறேன்" என்றான்.

பரங்கிப்பேட்டை வழியாக வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மன்னிப்பும் அதே யூடியூபில்தான் வரும். அவள் ஜெபம் எதுவும் நீளமாகச் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது பஸ் ஏறும்போதே தெரிந்திருந்தது. மனசுதான் இறங்கும்வரை பேரம் பேசிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே சாமியார் பங்களாவுக்குப் போனாள்.

"நாளைக்கு அதச் சொல்ல முடியாது சாமி."

"பொய் சொல்லச் சொல்லலியேம்மா. வாய் தவறினது நெசந்தான?"

"நெசந்தான் சாமி. ஆனா தவறி வுழுந்தது நல்ல எடத்துல வுழுந்துடுச்சு. ஒருத்தர் அத எடுத்து வச்சிக்கிட்டிருக்காங்க. நாளைக்கு நான் அப்படிச் சொன்னா, குடுத்ததப் புடுங்கற மாரி ஆயிடும்."

"யாரு அது?"

"அது நான் சொல்றதுக்கில்ல சாமி."

ஃபாதர் மின்விசிறியைப் பார்த்தார். பேரவைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. "அப்ப நாளைக்கு மேரி ஷாலினியப் படிக்கச் சொல்றேம்மா. அப்புறம் பாப்போம்."

அப்புறம் என்றால் எப்போது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "ஸ்தோத்திரம் சாமி" என்று எழுந்து வந்தாள். வழியில், வகுப்புக் குழுவில் எண்ணைத் தேடி எடுத்து டேவிட் ராஜுக்குச் செய்தி அனுப்பினாள்: நாளைக்கு என் முறை இல்லப்பா, பூசைய மட்டும் பாரு. அதில் பொய் எதுவும் இல்லை. வீட்டில், வாசகத்துக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைப் புடவையை மடித்து உள்ளே வைத்தாள். மரியசெல்வம் பார்த்தான். டிவி சத்தத்தைக் குறைத்தான்.

மறுநாள் தூய ஆவியார் பெருவிழா. அந்த விழாவின் முதல் வாசகம் என்றால் வாசிப்பவர்களுக்குக் குலை நடுங்கும். வரிசையாக வெளிதேசத்து ஊர்ப்பெயர்கள். விடிந்தும் விடியாமலும் கதவு தட்டப்பட்டது. மேரி ஷாலினி. அடைக்கலராஜின் மனைவி. தலையில் பூ, கையில் கைபேசி, அதில் வாசகத்தின் படம்.

"ஜோதி, தப்பா எடுத்துக்காத. ராத்திரிதான் சொன்னாங்க. நான் கேட்டு வாங்கல." மூச்சு வாங்கியது. "இந்தப் பம்பிலியாங்கற எடத்துல நாக்கு சுளுக்குது. அவருக்குத் தெரிஞ்சா வையுவாரு. யூடியூப்ல வேற வருது, எங்க நாத்தனாரு பாப்பா."

ஜோதி மேரிக்குக் கதவைச் சாத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது ஒரு கணம்தான்.

"உள்ள வா. உக்காரு. டீ குடிச்சிட்டுப் படி."

ஒவ்வொரு பெயராக உடைத்துச் சொல்லிக் கொடுத்தாள். எங்கே மூச்சு விடுவது, எங்கே விடக் கூடாது என்று காட்டினாள். மேரி ஷாலினி மூன்றாம் தடவையும் அதே இடத்தில் தடுக்கினாள். உடனே பின்னால் போய்த் திருத்தினாள். திருத்தியதும் தப்பாக வந்தது.

"திரும்பிப் போவாத ஷாலினி" என்றாள் ஜோதி மேரி. "சொன்னது சொன்னதுதான். கேக்கறவங்க வேண்டியத எடுத்துக்குவாங்க. நீ மேல படி."

மேரி ஷாலினி மேலே படித்தாள்.