ஆகக் கெட்ட நாள்

பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு பாலேந்திரனின் வாய்க்கு முதலில் திரும்பி வந்த சொல் "சவா". மனைவியின் பெயரும் இல்லை, மகளின் பெயரும் இல்லை. முப்பது வருடம் பிரெஞ்சுக்காரனின் உணவகத்துக் குசினியில் நின்றவர். சுகமா என்று எவன் கேட்டாலும் பிரெஞ்சில் "சவா", சுகம், என்று சொல்லிப் பழகிய வாய் அது; அதற்கு மேல் அந்தப் பாஷை அவருக்கு ஓடாது. பெரிய வைத்தியர் கேட்டார், சவா. கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெடியன் கேட்டான், சவா. மருந்துக்கடைக்காரி, தபால்காரன், கீழ் வீட்டுக்காரர் எல்லோருக்கும் சவா. வலது கை தொங்க, வலது கால் சொல்வழி கேளாமல் இழுபட, மனிதர் சவா சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்று அவரைத் தாங்கிப் பிடித்தபடி மனைவி சிவனேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அரசாங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று. காலையில் அவள் பாரிஸின் லா சப்பலில் இருக்கிற மரக்கறிக்கடைக்கு வேலைக்குப் போய் வரும் வரை, அவரைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, பக்கத்தில் இருக்க ஒரு ஆள் வேண்டும். மாசி மாதம் அவள் கடையில் நின்ற நேரம் பார்த்து அவர் குளியலறையில் விழுந்தார். அவள் வந்து கதவைத் திறக்கும் வரை நிலத்திலேயே கிடந்தார். அதன் பிறகு மகள் கஜானி காலை வகுப்புகளை விட்டுவிட்டு அப்பாவுக்குக் காவல் இருக்கிறாள். பல்கலைக்கழகத்திலிருந்து எச்சரிக்கையும் வந்துவிட்டது. ஆள் கிடைக்காவிட்டால் தாயின் வேலை போக வேண்டும், அல்லது மகளின் படிப்பு போக வேண்டும்.

உதவி கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பாள் என்று கடிதம் வந்தது. சிவனேஸ்வரி அதைத் தூக்கிக்கொண்டு தர்மிளாவிடம் போனாள். நகைக்கடை ஒன்றுக்கு மேலே சின்ன அறை வைத்து, தமிழ்ச் சனத்தின் தொசியே, விண்ணப்பப் படிவம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கிறவள் தர்மிளா.

"அக்கா, வாற மனுசி விருந்தாளி இல்லை. அதை முதல்ல மண்டையில ஏத்துங்கோ," என்றாள் தர்மிளா. "வீட்டைத் துப்புரவாக்காதேங்கோ. அண்ணையை வெளிக்கிடுத்தி இருத்தாதேங்கோ. உங்கட ஆகக் கெட்ட நாள் எப்பிடி இருக்குமோ, அதைக் காட்டுங்கோ. எங்கட சனம் இதிலதான் கோட்டை விடுறது. வாற ஆளுக்கு வடை சுட்டுக் குடுத்து, எல்லாம் நல்லாப் போகுது எண்டு சொல்லி அனுப்பிப்போட்டு, பேந்து என்னட்டை வந்து மூக்கைச் சிந்துறது."

"நான் அப்பிடியான ஆள் இல்லை," என்றாள் சிவனேஸ்வரி. "என்ர மனுசனைத்தான் நினைக்கப் பயமாக் கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒத்திகை நடந்தது. சிவனேஸ்வரி கதிரையை அவருக்கு முன்னால் இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, தொசியேயை மடியில் வைத்துக்கொண்டு அலுவலகப் பெண்ணாக உட்கார்ந்தாள்.

"மிசியூ பாலேந்திரன், நீங்கள் தனியக் குளிப்பீங்களோ?"

"ஓம்."

"ஓமோ? ஆர் வாக்கிறது?"

"நீர்தான்."

"அப்ப?"

"நீர் வாக்கிறீர், நான் குளிக்கிறன். அதில என்ன பிழை?"

அறை வாசலில் நின்ற கஜானி வாயைப் பொத்திக்கொண்டாள். சிவனேஸ்வரி கண்ணாடிக்கு மேலால் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"சேட்டுப் பொத்தான் பூட்டுவீங்களோ?"

"கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"எவ்வளவு நேரம்? போன கிழமை தொடங்கினது இன்னும் முடியேல்லை. சரி, மாசியில விழுந்தது என்னெண்டு?"

"சறுக்கினது. நிலம் ஈரமாக் கிடந்தது."

"நிலம் காஞ்சு கிடந்தது. தூக்கினது நான், எனக்குத் தெரியாதே?"

அவர் இடது கையால் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டார். கதைக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும் என்பதால், நீளமாக ஏதாவது சொல்வதற்கு முன் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

"ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளைக்கு முன்னால இருந்து, என்னை என்ர பெண்சாதி கழுவித் துடைக்கிறாள் எண்டு சொல்லச் சொல்லுறீரோ? அதையும் நான் பெத்த பிள்ளையை வைச்சு மொழிபெயர்ப்பிச்சு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நியாயம் பார்த்துக்கொண்டிருந்தால் காலையில் ஆள் வராது.

"ஆள் வராட்டிலும் பரவாயில்லை. நான் சமாளிப்பன்," என்றார் அவர்.

"நீங்கள் சமாளிக்கேல்லை. நாங்கள் சமாளிக்கிறம்," என்று தொசியேயை மேசையில் எறிந்துவிட்டு அவள் குசினிக்குள் போனாள். சோறு அன்று அடிப்பிடித்தது.

செவ்வாய்க்கிழமை விடியப் பால் வாங்கக் கீழே இறங்கினாள். மூன்று மாடி ஏறித் திரும்பி வந்து பார்த்தால், மனிதர் கலியாண வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். முகம் மழித்து, தலை வாரி, நீலச் சேட்டு போட்டு, கழுத்து வரை பொத்தான் பூட்டியிருந்தது. தர்மிளா தலையிலடித்துச் சொன்ன அத்தனையும் காற்றில் போயிருந்தது. கஜானி சவர அலகை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அப்பாதான் கேட்டவர்," என்று பிரெஞ்சில் முணுமுணுத்தாள்.

"அவர் கேட்டால்? உனக்கு மூளை எங்கை போச்சு? கழட்டு சேட்டை. பழைய பெனியனைப் போடு."

கஜானி அசையவில்லை. "அப்பாவை மட்டும் ஏசாதேங்கோ அம்மா. கட்டிலடியில இருந்த கழிப்பறைக் கதிரை எங்கை?"

சிவனேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கதிரை அங்கே இல்லை. அது யன்னல் திரைக்குப் பின்னால், பூப்போட்ட புதுப் படுக்கைவிரிப்பு ஒன்றைப் போர்த்துக்கொண்டு நின்றது. விடியப்புறம் அவளேதான் அதைத் தள்ளிக்கொண்டு போய் வைத்திருந்தாள். குசினிக்குள் இருந்து வடை வாசம் வேறு வந்துகொண்டிருந்தது. தன் கையைத் தானே பிடித்து முறிக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. விரிப்பை உருவி எறிந்து, கதிரையை இழுத்துப் பழைய இடத்தில் விட்டாள்.

"வடை வேறை கதை," என்றாள் யாரும் கேட்காமலே. "வீட்டுக்கு வாற ஆளை வெறும் வாயோடை அனுப்பேலாது."

சேட்டின் முதல் பொத்தானில் அவள் கை வைக்கவும் அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

வந்தவளின் பெயர் ஆனைஸ். இளம் பெண். மாடி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே பாலேந்திரனைக் கேட்டாள்.

"சவா," என்றார் அவர்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊன்றுதடியைத் தொடாமல் எழும்பி, சுவரைப் பிடித்து யன்னல் வரை நடந்து காட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்படி நடந்தால் அன்று முழுக்க அந்தக் கால் எழும்பாது என்பது சிவனேஸ்வரிக்குத் தெரியும், ஆனைஸுக்குத் தெரியாது. ஆனைஸ் மெச்சியபடி எழுதினாள். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது என்று கேள்விகள் வந்தன. கஜானி தமிழில் சொன்னாள், அவர் ஓம் ஓம் என்றார், கஜானி தாயைப் பார்த்துப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னாள். இடையில் புகுந்து இந்தாள் சொல்வதெல்லாம் பொய் என்று சொல்லத்தான் சிவனேஸ்வரி நினைத்திருந்தாள். ஆனால் வெளியாளுக்கு முன்னால் புருசனைப் பொய்யனாக்க நாக்கு எழும்பவில்லை. காலையில் வர வேண்டிய ஆள் கண்ணுக்கு முன்னால் கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு வடைத் தட்டை நீட்டினாள்.

ஆனைஸ் வடையை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். "நீங்கள், மதாம்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் இருக்கவில்லை. சிவனேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"சவா," என்றாள்.

"பொய்," என்றார் பாலேந்திரன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இடது கையால் வாயைத் துடைத்தார். பிறகு வாய் கோணக் கோணத் தொடங்கினார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கொம்மா பொய் சொல்லுறா. என்னைத் தூக்கித் தூக்கி அவவுக்கு நாரி போச்சு, இடுப்பை நிமித்தேலாது. இரவில நான் கூப்பிடாமல் விடிஞ்ச நாள் இல்லை. கக்கூசுக்கும் அவதான், குளிப்புக்கும் அவதான். மாசியில நான் சறுக்கேல்லை, கால் விட்டுட்டுது. அண்டைக்கு என்னை நிலத்தில கண்ட நேரம் தொடக்கம் மனுசி ஒழுங்காச் சாப்பிடேல்லை." அவர் இடது கையைத் தூக்கிக் கழுத்துப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. பொத்தான் அசையவில்லை. "இந்தச் சேட்டும் நான் போடேல்லை. இதையும் சொல்லு."

கஜானி சொன்னாள். ஆனைஸ் எழுதியிருந்ததை எல்லாம் மேலே போய் அழித்துவிட்டு, முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள்.

சிவனேஸ்வரிக்குக் கோபம்தான் வந்தது. தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லத் தெரியாத மனிதருக்கு, அவளைப் பற்றி மட்டும் இத்தனையும் தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருந்திருக்கிறார். அவளுக்குக் கண் கரித்தது.

ஆனைஸ் தட்டுவதை நிறுத்தி, மெதுவாகத் திரும்பவும் கேட்டாள். நீங்கள், மதாம்?

பழைய சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சிவனேஸ்வரி அதை விழுங்கினாள்.

"நாரி நோகுது," என்றாள். "சரியா நோகுது."

கஜானி அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. அம்மா அப்படிச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.