மண்டையோட்டுத் தோட்டத்து ஆரஞ்சு

நூடுல்ஸ் கடை ரேடியோவில் அந்தச் சேதி வந்தபோது சாவேத் இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்டியிருந்தாள். போன மழைக்காலத்தில் நாடு சேர்ந்த ஒப்பந்தம் இந்த மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டதாம். இனி யாரும் கண்ணிவெடி செய்யக்கூடாது, விற்கக்கூடாது, புதைக்கக்கூடாது, வீட்டில் ஒளித்து வைக்கவும் கூடாது. மண்ணுக்குள் ஏற்கெனவே கிடப்பதைத் தேடித் தோண்டி எடுத்தாக வேண்டும்.

“இத்தனை நாடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க, சரி. தோண்டப் போறது யாரு?” என்றாள் கடைக்காரி.

“நாமதான். கையெழுத்து அவங்களுது, மண்வெட்டி நம்மளுது,” என்றான் பக்கத்து மேசையில் இருந்த ரோன்.

“பெரிய நாடு சிலது இன்னும் சேரவே இல்லையாமே?”

“அவ்வளவு தூரம் எதுக்குப் போறே? நம்ம ஊர்லயே ஒரு நாடு சேராம உக்காந்து நூடுல்ஸ் சாப்பிடுது பாரு.” ரோன் கரண்டியால் சாவேத்தைக் காட்டினான்.

கடையே சிரித்தது. சாவேத்தும் சிரித்தாள். சிரிப்பு வாயில் இருந்ததே தவிர, இரண்டாவது கிண்ணத்தை அவள் தொடவில்லை.

காரணம் அவளுடைய ஆரஞ்சுத் தோட்டம். இந்தப் பாத்தம்பாங் பக்கத்து ஆரஞ்சு என்றால் தலைநகரத்துக்காரர்கள்கூட நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். சாவேத்தின் தோட்டத்து ஆரஞ்சு அதிலும் ஒரு படி மேல். தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே தேனாகிவிடும். ஆனால் ஊரில் ஒருவரும் அதைப் பறித்துத் தின்றதில்லை. தோட்டத்து வாசலில் சிவப்புப் பலகை ஒன்று நின்றது. அதில் வெள்ளை மண்டையோடு, கீழே குறுக்கே இரண்டு எலும்பு. ‘ஆபத்து! கண்ணிவெடி!’

அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து நட்ட மரங்கள் முதன்முதலாகக் காய்த்த வருஷம், பாதிப் பழம் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டது. மறுவருஷம்தான் பலகை வந்தது. “எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தவரில்ல, அவரே புதைச்சிருக்கார். கால் வைக்க வேண்டிய இடம் அவருக்கும் எனக்கும்தான் தெரியும்,” என்று சந்தையில் சொல்லிவிட்டாள். அப்படிச் செய்கிற பட்டாளத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் உண்டு, அதனால் ஊர் நம்பியது. புருஷன் யின் பட்டாளத்தில் இருந்தது உண்மை. அங்கே அவர் தூக்கியதெல்லாம் சோற்றுப் பானைதான் என்பது ஊருக்குத் தெரியாது. தோட்டத்துக்குள் கண்ணிவெடி என்ன, ஒரு முள்கூட இல்லை. சாவேத் தினமும் வெறுங்காலோடு உள்ளே போய் வந்தாள். வெளியே யாராவது பார்த்தால் மட்டும் கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கி யோசித்து யோசித்து வைப்பாள்.

இப்போது மரமெல்லாம் பழம். சீனர்களுடைய புதுவருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. டவுனில் இருக்கிற சீனர் கடைகள் அத்தனையும் ஆரஞ்சு வாங்குகிற நேரம் அது ஒன்றுதான். வருஷம் முழுக்க அவள் தண்ணீர் சுமந்தது அந்தச் சில நாட்களுக்காக. கண்ணிவெடி எடுக்கும் குழு வந்து தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டால் அவள் உட்பட யாரும் கால் வைக்க முடியாது. ஒவ்வொரு சாணாகத் தடவி, கருவி கீச்சென்று கத்துகிற ஒவ்வொரு ஆணிக்கும் பீர் மூடிக்கும் மண்ணைக் கிண்டி முடிப்பதற்குள் பழம் அழுகி விழுந்துவிடும். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அன்றைக்கே ஊர் கூடைகளோடு வந்துவிடும். ரோன் இரண்டு கூடையோடு வருவான்.

வீட்டுக்கு வந்து யின்னிடம் சொன்னாள். வலை ஊஞ்சலில் படுத்திருந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார்.

“அப்ப சொல்லிடுவோம்டி.”

“சொல்லுவீங்க, சொல்லுவீங்க. பழம் பறிக்கிற வரைக்கும் வாயைத் திறந்தா பாருங்க.”

“அவங்க கேட்டா என்ன சொல்ல?”

“பல் வலின்னு கன்னத்தைப் பிடிச்சுக்கோங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

குழு வந்த அன்று யின் உண்மையாகவே கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். கனத்த நீல அங்கி, தலையில் மடக்கித் தூக்கிய முகக்கண்ணாடி. தலைவி கன்னிதாவுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் அவள் பேசினால் ஆண்கள் பீடியை அணைத்தார்கள்.

“இதுதான் மண்டையோட்டுத் தோட்டமா?”

“இதேதான்மா,” என்றார் ஊர்த்தலைவர். “புதைச்சவரே இருக்கார். அதோ, கன்னத்துல துணி கட்டியிருக்காரே.”

“அப்படியா! எங்களுக்கு இந்த மாதிரி அதிர்ஷ்டம் அடிக்கவே அடிக்காது. ஐயா முன்னாடி நடந்து இடத்தைக் காட்டட்டும், பாதி வேலை முடிஞ்சுடும்.”

யின்னின் முகம் வேகாத அரிசி மாதிரி வெளுத்தது. சாவேத் குறுக்கே பாய்ந்தாள்.

“அவருக்குப் பல் வலி தங்கச்சி. வலி வந்தா ஞாபகமே இருக்காது. முதல்ல பள்ளிக்கூடத்துப் பக்கம் பாருங்களேன், குழந்தைங்க ஓடற இடம். நாங்க காத்திருக்கோம். எங்களுக்கு என்ன அவசரம்? சீனர் புதுவருஷம் கழிச்சுக்கூட வாங்க.”

“சேராத நாடு தவணை கேக்குது!” என்று பின்னாலிருந்து ரோன் கத்தினான்.

கன்னிதா சாவேத்தின் காலைப் பார்த்தாள், பிறகு தோட்டத்து வாசலைப் பார்த்தாள். புல் தேய்ந்து பளபளவென்று ஒரு ஒற்றையடிப் பாதை உள்ளே நேராகப் போனது. அவள் சாவேத்தின் பக்கம் திரும்பினாள்.

“சரி. எப்படியும் பூசை போடாம நாங்க மண்ணைத் தொடமாட்டோம். காவல் தாத்தாகிட்ட உத்தரவு வாங்கணும். கோழியும் வாழைப்பழமும் கொண்டு வந்திருக்கோம். நிலத்துக்காரர்தான் ஊதுபத்தி பிடிச்சு, உள்ள என்ன இருக்குன்னு தாத்தாகிட்டச் சொல்லணும். எங்க குழு வழக்கம் அது.”

நியாக் தா என்கிற காவல் தாத்தாவின் சின்ன மரக்கூடு தோட்டத்து மூலையிலேயே இருந்தது. மண்ணின் சொந்தக்காரர் அவர்தான், நாமெல்லாம் குடியிருப்பவர்கள். ஊர்த்தலைவரிடம் பொய் சொல்லலாம், போலீஸிடம் சொல்லலாம், பொண்டாட்டியிடம் தினமும் சொல்லலாம். காவல் தாத்தாவிடம் சொன்னவனுக்கு வயிறு வீங்கும், மாடு ஏர் இழுக்காது, மழை அவன் வயலை மட்டும் விட்டுவிட்டுப் பெய்யும். இதைச் சாவேத் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

“நான் பிடிக்கிறேன் ஊதுபத்தியை,” என்று கை நீட்டினாள்.

“நிலம் ஐயா பேர்ல இருக்கு. ஐயா பிடிக்கட்டும்,” என்றாள் கன்னிதா.

யின் மண்டியிட்டார். கன்னத்துத் துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. மூன்று ஊதுபத்தியையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். சாவேத் அவர் முதுகையே முறைத்தாள். முதலில் உதடு மட்டும்தான் அசைந்தது. காவல் தாத்தாவுக்குக் காது மந்தம் என்று யாரோ அவருக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்க வேண்டும், போகப்போகக் குரல் ஏறிக்கொண்டே போனது.

“…தாத்தா, உள்ள ஒண்ணும் இல்ல தாத்தா. ஒரு வெடிகூட இல்ல. நான் சமையக்காரன், உனக்கே தெரியும். பலகை சும்மா நிக்குது. திருட்டுப் பசங்க தொல்லை தாங்காமதான் வச்சோம். என் பொண்டாட்டி மேல கோபப்படாத, அவ நல்லவ, வாய்தான் கொஞ்சம்…”

கடைசி வார்த்தை சிரிப்புச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. நூடுல்ஸ் கடைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊர்த்தலைவர் திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

“அடிப்பாவி அக்கா!” ரோன் தலையில் அடித்துக்கொண்டான். “நாலு வருஷம்! நாலு வருஷமா இந்த வேலிக்கு வெளிய நின்னு எச்சில் முழுங்கியிருக்கேன்! ஒரு பழம் உருண்டு வெளிய வராதான்னு காத்தடிக்கிறப்பெல்லாம் வந்து நின்னிருக்கேன்!”

“நின்னதைப் பார்த்துட்டுத்தானே பலகையை எடுக்காம வச்சிருந்தேன்!” என்றாள் சாவேத். மானம் போனது போனதுதான், வாயையாவது விட்டுக்கொடுப்பானேன்.

கன்னிதா மட்டும் சிரிக்கவில்லை. பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் ஓரத்தை விரலால் தடவினாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“இது கடையில விக்கிற பொருள் இல்லையே. அக்கா, இதை எங்கேருந்து எடுத்தீங்க?”

சாவேத் யின்னைப் பார்த்தாள். யின் ஊதுபத்தியை மணலில் குத்திவிட்டு எழுந்தார்.

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பழைய பட்டாளக் காவல்சாவடி இருந்த மூங்கில் காடு. வேலிக்கு மூங்கில் வெட்டப் போனேன்மா. இது வெள்ளத்துல சாஞ்சு கீழே கிடந்தது. விழுந்து கிடக்கே, அங்க வேலை முடிஞ்சுட்டதுன்னு நெனச்சேன். வேலி கட்டற சிரமம் மிச்சம்னு தூக்கிட்டு வந்துட்டேன்.”

“அங்க வேற பலகை இருந்துச்சா?”

“பார்த்த ஞாபகம் இல்லம்மா.”

“இப்ப அங்க யாராவது போறாங்களா?”

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒவ்வொரு தலையாக ரோன் பக்கம் திரும்பியது. ரோன் பெண்டாட்டி சாலையோரத்தில் மூங்கில் குழாய்க்குள் அரிசியும் தேங்காய்ப்பாலும் அடைத்துச் சுட்டு விற்கிறவள். அந்த மூங்கிலை வெட்டிவருவது ரோன். அன்று காலையில் வெட்டிய கட்டு அவன் சைக்கிளில் இன்னும் பச்சையாக இருந்தது.

“அங்கதான் மூங்கில் நல்லா இருக்கும்,” என்றான் ரோன். இதுவரை யாரும் கேட்டிராத மெல்லிய குரல். “பலகை ஏதும் இல்ல. அதனாலதான்…”

அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். சாவேத்தும் பார்த்தாள். ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால். நகத்தில் மண். ஆரஞ்சு, சீனர் கடை, புதுவருஷம் எல்லாம் அவள் தலையிலிருந்து இறங்கிப் போயின. அந்த இரண்டு கால் மட்டும்தான் கண்ணில் நின்றது.

கன்னிதா பலகையைப் பிடுங்கி வண்டியில் போட்டாள். குழு தோட்டத்தை விட்டுவிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போனது. தான் எந்த வழியாகப் போவது, எங்கே நின்று வெட்டுவது என்பதை ரோன் வாய்க்கால் கரையில் நின்றே கை நீட்டிச் சொன்னான். ஒரு அடிகூட உள்ளே வைக்கவில்லை. அவனை யாரும் கூப்பிடவும் இல்லை.

சில நாள் கழித்து, கண்டெடுத்ததை வெடிக்கவைக்கப் போவதாக ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விட்டார்கள். ஊரே சாலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. மூங்கில் காட்டிலிருந்து ‘டும்’ என்று ஒரு சத்தம், கொக்குகள் மொத்தமாக எழும்பின. சாவேத் பக்கத்தில் நின்ற ரோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பிடித்திருப்பது தெரிந்து விட்டுவிட்டான்.

சாயங்காலம் கன்னிதா வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். “உள்ளங்கை அகலம்தான் அக்கா. பச்சைப் பிளாஸ்டிக். அவர் வெட்டின மூங்கில் தூரிலிருந்து ஒரு எட்டு தள்ளி இருந்துச்சு. இன்னும் இருக்கும், தேடிக்கிட்டிருக்கோம். பலகையைப் பழைய இடத்துலயே நட்டுட்டோம்.”

சாவேத் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் ஒரு கூடை ஆரஞ்சைக் கொண்டுவந்து குழுவுக்கு என்று வைத்தாள். இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு ரோன் வீட்டுக்கு நடந்தாள்.

ரோன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கூடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“இதுல ஒண்ணும் புதைச்சு வைக்கலையே அக்கா?”

“தின்னுடா. உன்னைத் திட்டறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.”

“நீ எதுக்கு என்னைத் திட்டணும்? நியாயமாப் பார்த்தா நான்ல உன்னைத் திட்டணும்!”

“திட்டேன்.”

ரோன் ஒரு பழத்தை உரித்தான். இரண்டு சுளை வாயில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றான்.

“தின்னு முடிச்சுட்டுத் திட்டறேன்,” என்றான்.

புதுவருஷத்துக்கு முன்னால் சாவேத்தும் யின்னும் பழம் பறித்தார்கள். டவுன் கடைகளுக்கு வண்டி போனது. நூடுல்ஸ் கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் கேலி செய்தார்கள். “கடைசி நாடும் ஒப்பந்தத்துல சேர்ந்தாச்சு, ரேடியோவுக்குச் சொல்லி அனுப்புங்கப்பா!” சாவேத் தலையைக் குனிந்துகொண்டு நூடுல்ஸ் தின்றாள். காது மட்டும் சிவந்தது.

கடைசியாகப் பழுக்கட்டும் என்று ஓரத்து மரம் ஒன்றை மட்டும் விட்டிருந்தாள். பலகை இல்லாத வாசலில் மூங்கில் குச்சி இரண்டைக் குறுக்கே கட்டி வைத்தார் யின், மாட்டுக்கு மட்டும் புரிகிற வேலி.

ஒரு நாள் விடிகாலையில் அவள் போனபோது அந்த மரம் பாதி காலி. கீழே தோல் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து நிதானமாகத் தின்றிருக்கிறான். சாவேத் இடுப்பில் கை வைத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி திட்டுவதற்கு மூச்சை இழுத்தாள்.

முதல்நாள் ஊற்றிய தண்ணீரில் மண் ஈரமாக இருந்தது. அதில் ரப்பர் செருப்புத் தடம் மரத்துக்கு வந்திருந்தது, மூலைப்பக்கமாகச் சுற்றி வாசலுக்குத் திரும்பிப் போயிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். வலது, இடது. வலது, இடது. போகிற வழியெல்லாம் இரண்டும் இருந்தன.

இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு, கீழே கிடந்த தோலைப் பொறுக்கி மரத்தடியில் உரமாகப் போட்டாள்.

“என்னடி, திருட்டா?” என்று வீட்டிலிருந்து யின் கூப்பிட்டார்.

“இல்ல. அணில்!” என்றாள் சாவேத்.

“காவல் தாத்தா முன்னாடி சொல்லு பார்க்கலாம்!”

மூலையில் இருந்த மரக்கூட்டை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அதன் படியில் யாரோ ஒரு ஆரஞ்சு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், நன்றாகப் பழுத்ததாகத் தேர்ந்தெடுத்து.