பத்தரை மணிக் காய்ச்சல்

விஜிதரன் ஓட்டும் குட்டி லோடருக்குத் தினமும் காலை பத்தரைக்குக் காய்ச்சல் வரும். அதுவரைக்கும் ரப்பர் சங்கிலியில் உருண்டு சமர்த்தாக மண் தள்ளும். தேத்தண்ணி குடித்துவிட்டு அவன் திரும்பி வந்து நெம்புகோலைத் தொட்டால் போதும், சூட்டு முள் சிவப்புக்குத் தாவும், எச்சரிக்கை மணி அலறும். அப்புறம் தோட்டத் துரை வீட்டு நாய் மாதிரி மத்தியானம் வரைக்கும் ஓய்வு.

நோர்வூட்டுக்குப் போகும் தோட்டப் பாதையை மண்சரிவு மூடி ஆறு நாளாகிறது. சரிவுக்கு அந்தப் பக்கம், தொழிலாளர் வரிசை வீடுகளான பணிய லயத்தில், அவன் மனைவி நிஷாந்திக்கு ஒன்பது மாதம். வலி கண்டால் நாலு பேர் அவளைக் கம்பளியில் போட்டு, முழங்கால் சேற்றில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். அந்த நாலு பேரும் யாரென்று நினைத்துப் பார்த்தான். இரண்டு பேர் சாயங்காலமானால் போதையில் நிற்கவே மாட்டார்கள்.

ஹட்டனிலிருந்து மூன்று தடவை மெக்கானிக் வந்தார். கூலன்ட் மாற்றினார், பெல்ட் மாற்றினார், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்த மலை மெஷினுக்கு ஒத்துக்கல" என்று சொல்லிப் போனார். விஜிதரன் தன் பங்குக்கு முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினான். முள் அதையும் மதிக்கவில்லை.

அன்று காலை மெஷின் முதலாளி சுதாகரன் போன் போட்டார். "இன்னைக்கும் சூடாச்சுன்னா நாலு மணிக்கு லொறி வரும். ஏத்திக்கிட்டுப் போயிருவேன். தோட்டத்துல வேற மெஷின் பார்த்துக்கட்டும்."

வேறு மெஷின் வர ஒரு வாரமாவது ஆகும். பிள்ளை ஒரு வாரம் பொறுக்குமா என்று யாரும் அதைக் கேட்டுச் சொல்ல முடியாது.

பத்து மணிக்கு வழக்கம்போல இஞ்சினை ஓடவிட்டு இறங்கினான். பேட்டரி சண்டித்தனம் பண்ணும், அணைத்தால் திரும்பக் கிளம்பாது. சரிவுச் சேற்றில் நடந்தே லயத்துக்கு இறங்கி நிஷாந்தி கையால் தேத்தண்ணி குடித்து வருவது அவன் வழக்கம். இன்று பாதி வழியில் மனசு கேட்கவில்லை. திரும்பினான்.

லோடருக்குப் பின்பக்கம் ஒரே சிரிப்புச் சத்தம். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகளை அவிழ்த்து, ரேடியேட்டர் சூடான காற்றை வெளியே தள்ளும் கம்பித் தட்டியில் வரிசையாகப் போர்த்தியிருந்தார்கள். ஒரு விரல் நுழைய இடமில்லை. மெஷின் எந்த வழியாக மூச்சு விடும்? எல்லோருக்கும் மூத்த காளியாயி, சந்தையில் கடை பரப்பியவள்போல ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"பாத்தா தெரியல? ரெண்டு மாசமா மழ. எந்தத் துணி காயுது? இதுலதான் இருவது நிமிசத்துல மொறுமொறுன்னு ஆயிருது. நீ வர்றதுக்குள்ள எடுத்துருவோம்."

"ஆறு நாளா இதையா செஞ்சீங்க? மெஷின் வெந்து சாகுதுக்கா."

"நீ இடுப்புல கட்டுற சாரமும் இதுலதான் காஞ்சுச்சு தம்பி."

லயமே பூசணம் பிடித்துக் கிடக்க, தன் வீட்டில் மட்டும் தினமும் காய்ந்த சாரம் கிடைப்பதை நிஷாந்தியின் கைராசி என்று ஊரெல்லாம் பீற்றியவன் அவன்தான்.

கோபம் எங்கே போவதென்று தெரியாமல் படங்குகளைப் பிடுங்கிப் போட்டான். அடியில் ஒரு மஞ்சள் சேலை இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் நிஷாந்தி உடுத்தியது.

"அது தொட்டிலுக்கு" என்றாள் காளியாயி. "பொறக்குற புள்ளய ஈரத்துலயா போடுறதுன்னு குடுத்துவிட்டுச்சு. மூணு நாளா போடுறேன். தடிச் சேல, இன்னும் காயல."

அவன் சேலையை மடித்து இருக்கையில் வைத்துக்கொண்டான். பெண்கள் தட்டியில் ஒட்டியிருந்த நூலையும் சருகையும் கையால் வழித்தெடுத்தார்கள். அன்று பத்தரைக்குக் காய்ச்சல் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. மூன்றரைக்குக் கடைசி வாளி மண் பள்ளத்தில் விழுந்தது, பாதை திறந்தது.

"என்னடா கோளாறு?" என்று சுதாகரன் போனில் கேட்டார்.

"மூச்சு முட்டியிருந்துருக்குங்க மொதலாளி."

நாலு மணிக்கு, வேலை முடிந்த மெஷினை ஏற்ற லொறி வந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தார், திரும்பவும் அடித்தார். லோடர் ஏறவில்லை. அது பாதையோரம் நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது, முள் பச்சையில். பின்னால் விஜிதரன், தட்டியில் படாமல் ஒரு முழம் தள்ளி, மஞ்சள் சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருங்கண்ணே," என்றான், "இன்னும் ஒரு ஓரம் ஈரமா இருக்கு."