வெல்டர் விட்டுப்போன சூடு

வெல்டர் நாட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சூடு தணியவில்லை. சாதாரண மர நாற்காலிதான். பழைய சுங்க அலுவலக மாடியில், புரட்சிக் குழு கூடும் அறையில், ஜன்னலிலிருந்து இரண்டாவது. போன அன்று காலை பத்து மணிக்கு அதிலிருந்து எழுந்து, "இங்க நம்ம வேலை முடிஞ்சுது தோழர்களே, அந்தக் கரையில இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்று சொல்லி, நாலு பேருக்கும் கைகொடுத்து, ஐந்தாவதாக இருந்த தன் தங்கையின் தலையில் கைவைத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் கப்பலேறியதைத் துறைமுகமே பார்த்தது. மாலையில் அறையைப் பெருக்க வந்தவள் நாற்காலியை நகர்த்தப் போய், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

வேறு யாராவது என்றால் அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவர்களோ ஒன்பது வருஷம் மலையில் சண்டை போட்டவர்கள். எதிரி உட்கார்ந்து போன பாறையில் உள்ளங்கையை வைத்தே ஆள் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று சொல்லிவிடுவார்கள். சூடாக இருந்தால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். ஜில்லென்று இருந்தால் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அந்தக் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை. ஆகவே குழுவின் செயலாளர் அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெல்டர் எங்கேயும் போகவில்லை, பக்கத்திலேயே ஒளிந்துகொண்டு ஒட்டுக்கேட்கிறார் என்று முடிவுகட்டினார். அட, என்ன மூளை!

தங்கைக்கு அன்றைக்குப் பிடித்தது சனி. கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் அவள்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் செயலாளர் நாற்காலியைத் தொட்டுச் சொல்ல, முதல் வரியாக "சூடு" என்று எழுதினாள். அவள் வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் கம்பை விட்டுத் துழாவினார்கள். இரண்டு ரொட்டி வாங்கினால், ஒருத்திக்கு எதற்கு இரண்டு என்று கேட்டார்கள். அண்ணனிடமிருந்து வந்த ஏழு கடிதங்களையும் செயலாளர் முகர்ந்து பார்த்து, அடுத்த தெருவில் எழுதியது என்றார். அவளும் மலையில் இருந்தவள்தானே, அந்தச் சந்தேகம் அவளையும் விடவில்லை. ஒருநாள் தன் வீட்டு அலமாரியைத் திறந்து, "அண்ணா?" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். சட்டைகள்தான் தொங்கின. வெட்கமாகப் போய்விட்டது.

ஐந்தாம் வருஷம் அந்தக் கரையிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. பள்ளிக்கூட பெஞ்சில் கிடத்திய உடல். இடது மணிக்கட்டில் வெல்டிங் பொறி பட்ட மூன்று தழும்புகள். அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. செயலாளர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொம்மையைக் கிடத்திப் படம் எடுத்திருக்காங்க. நாற்காலி சூடாத்தானே இருக்கு?"

அவள் அழுதால் நடிப்பு என்பார்கள், அழாவிட்டால் உடந்தை என்பார்கள். அவர் இறந்துவிட்டார் என்று குறிப்பில் ஒரே ஒரு வரி எழுத விடுங்கள், அது போதும் என்று கேட்டாள். இரண்டு மணி நேரம் கேட்டாள். செயலாளர் இடத்தை விட்டு அசையாமல் முடியாது, முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் வெல்டரின் நாற்காலியை இன்னொரு தடவை தொட்டுக் காட்டுவதற்காக எழுந்தார். மலைப் பழக்கம், அவள் கை தானாக நீண்டு, அவர் எழுந்த இடத்தில் படிந்தது.

"அண்ணே, இங்க கொஞ்சம் கை வைங்க."

வைத்தார். பலகை பனிக்கட்டியாக இருந்தது. மற்ற மூவரும் சத்தமில்லாமல் எழுந்து தங்கள் தங்கள் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றும் ஜில்லென்று இருந்தன. தன்னுடையதைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எழுதிக்கம்மா," என்றார் செயலாளர்.

வெல்டர் போரில் இறந்தார் என்று எழுதினாள். அதன் கீழே, மற்ற நால்வரும் இங்கிருந்து போய்விட்டார்கள், போன தேதி தெரியவில்லை என்று எழுதினாள். நால்வரும் வாசித்துப் பார்த்து, வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.