இதுவரை யாரும் பிரிக்காத முதல் பார்சல்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என் அத்தான் பார்சல் வண்டி ஓட்டுகிறார். ஒரு பார்சலைக்கூடத் தொலைக்காதவர் என்று அவருக்குப் பதக்கம் அறிவித்தார்கள். நிறுவனம் பிறந்த இடத்திலேயே வைத்துக் கொடுப்பார்களாம், துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமாம். "லீவு நாள்லயும் பார்சலைப் பாக்க நான் வரணுமா?" என்று அக்கா கையை விரித்துவிட்டாள். நான் போனேன். முதலாளியிடம் நீட்டலாம் என்ற நப்பாசையில், கடைக்காரர் திருப்பி அனுப்பிய என் புத்தகப் பெட்டியையும் பிரிக்காமல் தூக்கிக்கொண்டேன்.

கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மாநதிகள் யாவும் ஒரு சிற்றூற்றில்தான்..." படித்த அத்தான், "மாப்ள, பார்சல் எப்ப வரும்?" என்றார். அடித்துவிட்டேன்.

2

பிறந்த இடம் என்றதும் அரண்மனையைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு மாடிக் கட்டடத்தின் கீழே ஒற்றை அறை. மேசை, தராசு, நிறுவனர் மிதித்த சைக்கிள். அத்தான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

[நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் புத்தகங்களைக் கடைக்குக் கொண்டுபோவதும் அவர்கள்தான், விற்காமல் திருப்பிக் கொண்டுவருவதும் அவர்கள்தான். பகைத்துக்கொள்ள முடியாது.]

அங்கே வழிகாட்டி ஒருவர் இருந்தார். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கி மீசையெல்லாம் வைத்தேன். பொருந்தவில்லை. தங்கமான மனுஷன், அதுதான் தொல்லை.

கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "இதுதான் நம்ம முதல் பார்சல். இதுவரைக்கும் யாரும் பிரிக்கலை."

"பிரிக்கலைன்னா டெலிவரி ஆகலைன்னு அர்த்தம்," என்ற அத்தான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இதுல போன மாசத் தேதி இருக்கே சார். மேல் மாடி விலாசம். உள்ள காது கேக்குற மிஷின்னு போட்டிருக்கு."

3

வழிகாட்டி எங்களை ஓரமாக இழுத்துப்போனார். "பழைய டப்பாவை எலி கடிச்சிடுச்சுங்க. தெரிஞ்சா என் வேலை போயிடும். அன்னைக்குன்னு பாத்து இது வந்துச்சு. கொண்டுவந்த டிரைவர் மாடியில பெல் அடிச்சுப் பாத்தாராம், கதவைத் திறக்கலையாம். இங்க குடுத்துட்டுப் போயிட்டாரு. பாக்க லட்சணமா இருந்துச்சா..."

"மேல யாரு?"

"ரிட்டயர்டு டெலிபோன் ஆபரேட்டர். காது சுத்தமாப் போச்சு. அவரு சம்சாரம் வேலைக்குப் போயிட்டு சாயங்காலம்தான் வருவாங்க. அந்தம்மா 'வந்துச்சா'ன்னு தினம் கேக்குறாங்க. எனக்குச் சோறு இறங்கலை."

காது கேட்காததால் பெல் கேட்கவில்லை. பெல் கேட்காததால் காது வந்து சேரவில்லை.

"எடுத்துக் குடுத்துடலாம்," என்றார் அத்தான்.

"இப்ப முதலாளி வந்துடுவாரு! இந்தப் பெட்டி பக்கத்துல நிக்க வெச்சுத்தான் பதக்கமே. காலியா இருந்தா நான் செத்தேன்."

அத்தானின் பார்வை மெல்ல என் கைக்கு வந்தது. அதே பழுப்பு அட்டை, அதே நிறுவனத்தின் டேப்.

"மாப்ள, உன் பெட்டியை யாராவது பிரிப்பாங்களா?"

ஒரு எழுத்தாளனிடம் இப்படிக் கேட்கலாமா? கொஞ்சம் யோசித்தேன்.

"மாட்டாங்க அத்தான்."

என் புத்தகங்கள் கண்ணாடிக்குள் போயின. அத்தான் அந்தப் பார்சலோடு படியேறினார்.

4

மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள். அத்தான் பெல் அடிக்கிறார். கதவைத் தட்டுகிறார். உள்ளே பெரியவர் ஜன்னலோரம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். கீழே முதலாளியின் கார் வந்து நிற்கிறது.

முடிவு அ: அத்தான் இறங்கி வந்து பதக்கத்தை வாங்கிக்கொண்டு, பிறகு மறுபடி ஏறுகிறார். அக்கா இதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இந்த மனுஷன் கல்யாணத்தன்னைக்கே கடைசிப் பார்சலைக் குடுத்துட்டுத்தான் வந்தாரு. போடா."

முடிவு ஆ: எப்படியோ கதவு திறக்கிறது. பெரியவர் மிஷினை மாட்டுகிறார். பல வருஷம் கழித்து மனைவியின் குரல். அவர் கண்களில் (வேண்டாம், நானே அழுதுவிடுவேன். அந்தம்மாவும் முதலில், "எத்தனை தடவை கூப்பிடுறது?" என்றுதான் கேட்டிருப்பார்.)

கீழே அத்தானைக் கூப்பிடுகிறார்கள். "இதோ வந்துடுவாரு சார்," என்று வழிகாட்டி கெஞ்சுகிறார். முதலாளி என் புத்தகப் பெட்டியைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். வாழ்நாளில் என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். அத்தான் அசையவில்லை. பார்சலை யார் கையிலாவது சேர்க்காமல் அவர் இறங்க மாட்டார். எனக்கு அவர் பதக்கம் வாங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு ஆசையாக வந்தார்.

ஆகவே ஒரே வழிதான். விலாசத்தில் ஆள் திறக்காவிட்டால் எதிர் வீட்டில் கொடுக்கலாம் என்பது நிறுவனத்தின் விதி. எதிர் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? உங்களுக்குக் காது கேட்கும்.

பெல் அடிக்கிறது. எழுந்துபோய்த் திறங்கள். சாயங்காலம் அந்தம்மா வந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து ஷோகேஸில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.