இல்லாததின் முகவரி

காலையில் நான் வேலைக்கு வந்தபோது, எங்கள் துறையின் ஆய்வு மாணவி துயிரே என் மேசையை மறித்து நின்றாள்.

"ஆஹ்தி, சர்வர ரீஸ்டார்ட் பண்ணிடாத."

"கோட்டையாவது கழட்டிக்கிறேன் தாயே. என்ன ஆச்சு?"

போன வசந்தத்தில் ஓலுயார்வி ஏரியின் பனி உடைந்த ஓசையைப் பதிவு செய்திருந்தாள். ஆய்வேடு முழுவதும் அந்தப் பதிவின் மேல்தான் நின்றது. பழைய சோதனைக் கோப்புகளை அழிக்கும்போது அந்தப் பதிவின் கோப்புகளையும் சேர்த்து அழித்துவிட்டாள். நகல் இல்லை. டிஸ்க் நிறைந்தபோது தன் பகுதியை நகலெடுக்க வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான்.

எங்கள் சர்வர் ஓடும் யூனிக்ஸில், அழித்த கோப்பை ஏதாவது ஒரு நிரல் திறந்து வைத்திருந்தால் உள்ளடக்கம் சாகாது. அவளுடைய நிரல்களைப் பார்த்தேன். எல்லாமே அந்தக் கோப்புகளை மூடிவிட்டிருந்தன. டிஸ்க்கில் துழாவுவதும் வீண். துறை முழுவதும் அதில் இடைவிடாமல் எழுதி, அழிந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

"கெர்னலே ஏதாவது பிடிச்சு வச்சிருக்கலாம். பாக்கலாம்."

சர்வரின் மையமாக ஓடிக்கொண்டிருந்த கெர்னலை, உள்ளே எட்டிப் பார்க்க உதவும் டீபக்கரில் திறந்து, அண்மையில் கேட்ட கோப்புப் பெயர்களை அது குறித்து வைக்கும் கேஷைத் திரையில் கொட்டச் சொன்னேன். வலப்பக்கம் பெயர். இடப்பக்கம், நினைவகத்தில் அந்தக் கோப்பின் முகவரி.

"அதோ! வசந்தம்-1. வசந்தம்-2. எல்லாமே இருக்கு!" என் தோளில் குத்தினாள். "நீ மனுஷனே இல்லடா. இரு, பன் வாங்கிட்டு வரேன்."

"பொறு, இன்னும் நான் படிக்கவே இல்ல."

அவள் போய்விட்டாள்.

இடப்பக்கத்தைப் படித்தேன். அவளுடைய எல்லாப் பெயர்களுக்கும் ஒரே முகவரி. உண்மையான கோப்பு ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருக்கும். இந்த முகவரி கோப்பினுடையது அல்ல. தேடிக் கிடைக்காத பெயர்களுக்கெல்லாம் கெர்னல் பொதுவாக வைத்திருக்கும் அடையாளம்.

இரண்டு ஏலக்காய் பன்களோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். சொன்னேன்.

"பேரு இருக்கே."

"இல்லங்கறதத்தான் எழுதி வச்சிருக்கு."

"இல்லாததுக்கு எதுக்குய்யா பேரு?"

"திரும்ப யாராவது கேட்டா டிஸ்க்குக்குப் போக வேண்டாம்ல. சட்டுனு பதில் சொல்லிடலாம்."

"யார் கேட்டா?"

"நீதான். காலைலேருந்து."

பன்னைக் காகிதத்தோடு விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உன் கைடு மேடத்துக்கு நான் போன் பண்ணட்டுமா? பதிவு போயிடுச்சுன்னு?"

"வேணாம்."

"இந்த வருஷப் பனி இருக்கே. இன்னும் உடையலையே."

"மைக்கெல்லாம் போன வருஷம் பனியோடவே போச்சு ஆஹ்தி. பணம் குடுத்தவங்களும் போயாச்சு."

நாற்காலியை என் மேசைக்கு இழுத்து, முதல் கோப்பின் பெயரைத் தட்டினாள். விரல் எடுப்பதற்குள் பதில் வந்தது. இல்லை.

இரண்டாவதைத் தட்டத் தொடங்கினாள்.